பதினைந்தாவது பிசகு

ஜனவரி 9
அக்காவிடமிருந்து தங்கைக்கு

தங்கச்சி,

எனக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, கோபம்தான் இல்லை. உன் கண் எப்படி? போன கடிதத்தில் உன் வரிகள் மலையேறி இறங்கின. புரையை எடுத்துவிடு என்று இரண்டு வருடமாகச் சொல்கிறேன், நீ என் பேச்சை என்றைக்குக் கேட்டாய்?

அரங்கத்தை இடிக்கப் போகிறார்கள். முழுதாக இல்லை, பின்பக்கத்தை மட்டும். திரைச்சீலைக்கும் முகத்துக்கும் பூசுகிற சாயம் வைக்கிற சாயக்கிடங்கு, உடை மாற்றும் அறைகள், அதை ஒட்டி நான் குடியிருக்கிற அறை. இந்த நகரத்தின் கலையையும் பண்பாட்டையும் வளர்க்க அரசாங்கம் ஐந்தாண்டுத் திட்டம் போட்டிருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை எங்களைக் கூடத்தில் உட்காரவைத்துத் திரையில் படம் காட்டினார்கள். படத்தில் நம் தெருவில் ஒரு வண்டி இல்லை, ஒரு குப்பை இல்லை. மெலிந்த பெண்கள் காகிதக் கோப்பையோடு நடக்கிறார்கள். என் அறை இருக்கிற இடத்தில் நீரூற்று பொங்குகிறது. எழுந்து, "அந்தத் தண்ணி என் கட்டில் மேலயாங்க விழுது?" என்று கேட்டேன். சிரித்தார்கள். முதல் வரிசையில் கோட்டுப் போட்ட ஒருவர் முதுகு குலுங்கச் சிரித்தார். அந்த முதுகை நான் மறக்கமாட்டேன்.

அதற்குப் பிறகுதான் அடுத்த இடி. அரங்கத்துக்குப் பக்கத்தில் கட்டி முடித்திருக்கிற புதுக் கட்டடத்தில் முப்பத்தெட்டு அறைகள், இந்த மேடையில் பத்து வருடமாவது உழைத்து இன்று வீடில்லாமல் இருப்பவர்களுக்காம். சாகும்வரை இருக்கலாம். ஆனால் யார் உழைத்தார்கள் என்பதற்குத் தாள் எங்கே? நாடகக் குழுவின் பதிவேடெல்லாம் கூரை ஒழுகிக் கூழாகிப்போனது உனக்குத் தெரியும். "அப்போ யாரைக் கேக்கறது?" என்று அதிகாரிகள் விழித்தார்கள். எல்லாரும் ஒரே குரலில், "பெட்டியம்மாவைக் கேளுங்க" என்றார்கள்.

மூன்றாம் வகுப்போடு நின்ற என்னை. மேடைக்கு முன்னால் பாதி புதைந்த அந்த மரப்பெட்டிக்குள் முப்பத்தாறு வருடம் குந்தி, வசனம் மறந்து விழித்தவர்களுக்கெல்லாம் கீழேயிருந்து அடி எடுத்துக் கொடுத்தவளை. நாற்பத்தொரு நாடகமும் தலைக்குள் இருக்கிறது, யார் எதில் என்ன வேஷம் என்பது உட்பட. இனி நான் சொல்கிற பெயருக்கு அறை. சொல்லாத பெயருக்கு இல்லை. அரசாங்கம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால் நம்புவாயா? நானே நம்பவில்லை.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

இடிபடப்போகிற அறையிலிருந்து,
அக்கா

ஜனவரி 24
தங்கையிடமிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

கண் அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. நீ மாடிப்படி ஏறாமல் இரு. உன் பேத்தி இப்போதும் மாதத்துக்கு ஒரு தரம் தொலைபேசியில் முகம் காட்டுகிறாளா?

கடிதத்தைப் படித்துத் திகைத்துப்போனேன். அந்தக் கட்டடத்துக்கு இப்படி ஒரு யோகமா? உனக்கு அறை கிடைக்கும் என்பது நிம்மதி. அதிகாரிகளிடம் கோபப்படாதே.

சும்மா ஒன்று கேட்கிறேன். அந்தப் பட்டியல் எப்போது முடியும்? விண்ணப்பம் எழுதவேண்டுமா, அவர்களே கூப்பிடுவார்களா? 'நீதிபதியின் மருமகள்' நாடகத்தைப் பற்றிச் சொல்லியாகிவிட்டதா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டார்களா?

இங்கே வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அவர் காலமானபிறகு கூட இருக்கிற அவருடைய அண்ணன் மகன், வீட்டுக்குப் புது வண்ணம் அடிக்கிறான். யாராவது பார்க்க வருகிறார்கள், போகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

பிப்ரவரி 16
அக்காவிடமிருந்து தங்கைக்கு

தங்கச்சி,

மூட்டில் வீக்கம் இறங்கிவிட்டது. நாக்குக்குத்தான் ஓய்வில்லை. உனக்குச் சளி பிடித்திருக்கவேண்டும். மாசியில் உனக்கு எப்போதும் பிடிக்கும்.

தினமும் காலை பத்து மணிக்குப் பதிவு அதிகாரி வருகிறார். நாற்பத்தைந்து வயதுப் பெண், தூசி ஆகாது. சாயக்கிடங்கில் உட்கார்ந்து ஒரு வரிக்கு ஒரு தும்மல் போடுகிறார். தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை என் முன்னால் வைக்கிறார், நான் பேசுகிறேன். முதல் நாள், "அம்மா, ஞாபகம் இருக்கறத மட்டும் சொல்லுங்க, இல்லாதத விட்டுடலாம்" என்றார். "இல்லாதது எதும்மா? நீங்க உள்ள வரும்போது வலது கால் செருப்புல சாணி ஒட்டியிருந்துச்சு, அதுவரைக்கும் இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அப்படிப் பேசுவதில்லை.

பழைய ஆட்களில் ஆறு பேர்தான் இன்னும் அரங்கத்துப் பக்கம் நடமாடுகிறார்கள், மற்றவர்கள் ஊர் ஊராய்ச் சிதறிக் கிடக்கிறார்கள். எல்லாரும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். கோமாளி வேஷக்காரர் இருக்கிறாரே, முப்பது வருடத்துக்கு முன் என் குடையை எடுத்துப்போய்த் தராதவர், புதுக் குடை வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். பெயரைச் சேர்த்தேன். அந்தக் குடையையும் வைத்துக்கொண்டேன்.

நீ கேட்டாயே, 'நீதிபதியின் மருமகள்' சொல்லியாகிவிட்டது. மூன்று நாள் ஆனது. யார் எந்த வேஷம் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார், சொன்னேன். உன்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விண்ணப்பமும் உண்டாம், மார்ச் முடிய. அது உனக்கெதற்கு? வீடும் மனிதர்களும் இருப்பவள் நீ.

தும்மல் சத்தம் கேட்கிறது, அதிகாரி வந்துவிட்டார்.

அக்கா

மார்ச் 5
தங்கையிடமிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

சளிதான். எப்படிச் சொன்னாய்? மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுதாதே. தபால்காரர் தொலைத்துவிடுகிறார். மேலே எழுதியிருக்கிற தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்பு, நானே போய் எடுத்துக்கொள்வேன். நோட்டுத் தாளில் எழுதுவதற்குக் கோபிக்காதே, வேறு தாள் கைக்கு அகப்படவில்லை.

எல்லாரும் சௌக்கியம்.

தங்கை

ஏப்ரல் 11
பதிவு அதிகாரியிடமிருந்து

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் உடல்நலம் சீராக இருக்கும் என நம்புகிறேன். தாங்கள் தந்த மிளகுக் கஷாயத்தால் என் தும்மல் குறைந்தது, நன்றி.

நகரக் கலை பண்பாட்டு வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வந்த விண்ணப்பங்களில் ஒன்றில் மட்டும் முரண்பாடு உள்ளது. அறுபத்தாறு வயதுப் பெண் ஒருவர், இம்மேடையில் 'நீதிபதியின் மருமகள்' நாடகத்தில் மருமகள் வேடத்தைப் பதினோரு ஆண்டுகள் ஏற்றதாக எழுதியுள்ளார். தங்கள் வாய்மொழிப் பதிவின்படி அவ்வேடத்தை அந்த ஆண்டுகள் முழுவதும் ஏற்றவர், காலஞ்சென்ற 'நெட்டை' என்ற நடிகை. மற்ற அறுவரையும் கேட்டோம். "பெட்டியம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பதே எல்லாருடைய பதிலும்.

விண்ணப்பதாரர் தற்போது தங்கியிருப்பது: நகராட்சிப் பெண்கள் தங்குமிடம், மூன்றாம் மாடி, கட்டில் எண் 22. ஜூலை 5 வரை மட்டுமே அங்கே இருக்க அனுமதி. உறவினர் என்ற இடத்தில் 'எவருமில்லை' என்று எழுதியுள்ளார்.

இப்படி ஒருவர் இம்மேடையில் நடிக்கவில்லை என்பதைத் தாங்கள் எழுத்தில் உறுதிசெய்தால் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

பணிவுடன்,
பதிவு அதிகாரி

ஏப்ரல் 13
அக்காவிடமிருந்து தங்கைக்கு

கட்டில் எண் இருபத்திரண்டா?

நலம் கேட்க எனக்குப் பொறுமையில்லை. உன் சௌக்கியத்தைத்தான் அரசாங்க முத்திரையோடு அனுப்பியிருக்கிறார்களே. கடிதம் கீழே விழுந்து, குனிந்து எடுக்க எனக்குக் கால் மணி ஆனது.

வீட்டுக்கு வண்ணம் அடித்தது விற்கவா? பார்க்க வந்தவர்கள் வாங்க வந்தவர்களா? உன் புருஷன் கட்டின வீட்டிலிருந்து உன்னை வெளியே வைத்துவிட்டுத்தான் அந்த அண்ணன் மகன் விற்றானா? எல்லாரும் சௌக்கியம், எல்லாரும் சௌக்கியம் என்று எனக்கு எழுதினாயே, பாவி, எந்த எல்லாரும்? கட்டில் இருபத்தொன்றும் இருபத்துமூன்றுமா?

'எவருமில்லை' என்று எழுதியிருக்கிறாய். நான் யாருடி?

பட்டியலில் உன் பெயர் இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்று கடிதத்தில் எழுத வராது. தொலைபேசியில் பேசினால் சண்டை வரும், கடிதமென்றால் பதில் வருவதற்குள் ஆறிவிடும் என்று நாம்தான் ஒப்பந்தம் போட்டோம். இந்தத் தடவை எனக்கு ஆறவில்லை. உடனே பதில் போடு.

அக்கா

ஏப்ரல் 30
அக்காவிடமிருந்து பதிவு அதிகாரிக்கு

அதிகாரி அம்மாவுக்கு,

உங்கள் தும்மல் குறைந்ததில் சந்தோஷம். நான் பிழைத்துக் கிடக்கிறேன்.

நீங்கள் கேட்டதை உறுதிசெய்ய முடியாது. அந்தப் பெண் என் கூடப்பிறந்த தங்கை. அவளுக்குக் கடிதம் போட்டுப் பதினேழு நாள் ஆகிறது, பதில் இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

மருமகள் வேஷம் கட்டினது அவள்தான். பதினோரு வருடமும் அவள்தான். நெட்டை அந்த நாடகத்தில் வேலைக்காரி, மொத்தம் ஆறு வரி. நெட்டை செத்து இருபது வருடமாகிறது, வந்து மறுக்கமாட்டாள் என்றுதான் அவள் பெயரைப் போட்டேன். மறதி என்று சொல்லி நான் தப்பிக்கலாம். எனக்கு மறதி கிடையாது. அப்படிச் சொன்னால் மற்ற முப்பத்தேழு பேரைப் பற்றி நான் சொன்னதும் சந்தேகமாகிவிடும். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டேன். அவள்மேல் எனக்குக் கோபம். அம்மாவை என் தலையில் கட்டிவிட்டு முப்பத்துநான்கு வருடத்துக்கு முன் விடிகாலைப் பேருந்தில் ஏறிப் போனவள்.

அவள் நடித்ததற்கு அத்தாட்சி கேட்பீர்கள். தாள் இல்லை, படம் இல்லை. என்னிடம் அவளுடைய பிசகுகள் இருக்கின்றன. பெட்டிக்குள் இருப்பவளுக்கு ஒழுங்காய்ப் பேசுகிறவர்களைத் தெரியாது. தடுக்கி விழுகிறவர்களைத்தான் தெரியும். பதினோரு வருடத்தில் அவள் பிசகினது பதினான்கு தரம்.

முதல் வருடம், இரண்டாம் ஆட்டம். "மாமா, கதவைத் திறக்கட்டுமா?" என்பதற்குப் பதில், "கதவே, மாமாவைத் திறக்கட்டுமா?" என்றாள். மாமனார் வேஷக்காரர் அரை நிமிடம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் வருடம், மழைக்காலம், செருப்பு வார் அறுந்தது. சாபம் விடுகிற வசனம் முழுவதையும் ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னாள். ஜனங்கள் அதுதான் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். மறுநாளிலிருந்து நாடகக் குழுவின் முதலாளி அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆறாம் வருடம், காய்ச்சலோடு வந்தாள். இரண்டாம் அங்கத்தில் நான்கு வரியை விழுங்கி நேராக மகன் செத்துப்போகிற இடத்துக்குத் தாவிவிட்டாள். மகன் வேஷக்காரன் அப்போது பக்கத்திரைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தான். வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து செத்தான்.

மீதிப் பதினொன்றையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாள் பிழை இருக்காது. இதே கேள்வியை அவளிடமும் தனியாகக் கேளுங்கள். தன் பிசகை எந்த நடிகையும் மறக்கமாட்டாள்.

தண்ணீர் காய்ச்சிக் குடியுங்கள்.

பெட்டியம்மா

மே 22
பதிவு அதிகாரியிடமிருந்து

மதிப்புக்குரிய அம்மா,

நலமா? தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அந்த நாடகத்தைப் பற்றித் தாங்கள் பேசிய மூன்று நாள் பதிவையும் மறுபடி போட்டுக் கேட்டேன். நான் தங்களிடம் மூன்று மாதம் பாடம் கேட்டவள் போல உட்கார்ந்து எழுதியவள். அந்த வருத்தத்தை இதற்கு மேல் சொல்லவேண்டாம்.

தாங்கள் சொன்னபடியே, தங்கள் தங்கை இருக்கும் ஊரின் அலுவலகத்திலிருந்து ஒருவர் தங்குமிடத்துக்குச் சென்று அவரிடம் கேட்டார். தாங்கள் எழுதிய தாளை அவருக்குக் காட்டவில்லை. "கதவே, மாமாவைத் திறக்கட்டுமா" என்பதை அவரே சொல்லிச் சிரித்தாராம். செருப்பு, காய்ச்சல், டீ, எல்லாம் பொருந்துகின்றன. அறை ஒதுக்கும் குழுவினர் வியந்துபோனார்கள்.

ஆனால் அவர் சொன்னது பதினைந்து. கடைசி ஆட்டத்தன்று, மூன்றாம் அங்கத்தில், தாம் வசனம் மறந்து நின்றுவிட்டதாகவும், கூட்டம் கூச்சலிட்டதாகவும், அத்தோடு மேடையை விட்டதாகவும் சொல்கிறார். தாங்கள் எழுதிய தாளில் அந்த நாளே இல்லை.

குழுவின் தலைவர் (கோட்டு அணிந்தவர், தங்களுக்கு நினைவிருக்கும்) இதைப் பிடித்துக்கொண்டார். "மறதியே கிடையாதுன்னாங்க. இவ்வளவு பெரிய நாளையே விட்டுட்டாங்களே? அப்போ மத்த முப்பத்தேழு பேர் கதை என்ன?" என்கிறார். தங்கள் பதில் வரும்வரை எல்லா அறைகளும் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன.

பணிவுடன்,
பதிவு அதிகாரி

மே 26
அக்காவிடமிருந்து பதிவு அதிகாரிக்கு

அதிகாரி அம்மாவுக்கு,

நான் நலமில்லை. நேற்று அந்த ஆறு பேரும் வந்து வாசலில் நின்றார்கள். கோமாளி வேஷக்காரர் தான் வாங்கித்தந்த குடையை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். அதற்கு என்னைத் திட்டியிருக்கலாம்.

நான் எதையும் விடவில்லை. நீங்கள் கேட்டது அவளுடைய பிசகு. அந்தப் பதினைந்தாவது அவளுடையது இல்லை. அதனால்தான் அவள் கணக்கில் எழுதவில்லை.

அன்று மதியம் நான் முதலாளியிடம் போய், அந்த மருமகள் வேஷத்தை ஒரே ஒரு ஆட்டம் எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். பதினோரு வருடமாக ஒவ்வொரு வரியையும் அவளுக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்குக் குரல் போதும்மா. முகத்துக்குத்தான் தங்கச்சி இருக்காளே" என்றார். தங்கை கண்ணாடி முன்னால் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். பல்லில் கொண்டை ஊசி கடித்திருந்தாள், அது கீழே விழும்படி சிரித்தாள்.

மாலை ஆட்டத்தில், மூன்றாம் அங்கத்தில், மாமனாரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிற இடத்தில் அவளுக்கு வசனம் தொண்டையில் நின்றது. என்னைப் பார்த்தாள். எல்லாருக்கும் நிற்கும், அதற்குத்தான் நான். ஒரு சொல் போதும், மீதி தானாக வந்துவிடும். "நீங்கள் அன்று" என்பதுதான் அந்த வரியின் தொடக்கம். என் நாக்கில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். இருபத்துமூன்று மூச்சு எண்ணினேன். கூட்டம் ஊளையிட்டது, எவனோ தாளைச் சுருட்டி எறிந்தான், படுதா விழுந்தது.

மறந்தது அவள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லிச் சொல்லி, அவள் ஓடிப்போனாள் என்பது மட்டுமே எனக்கு உண்மையாக மிஞ்சியது.

ஆக, பிசகு பதினைந்துதான். பதினான்கு அவளுடையது. ஒன்று என்னுடையது. இதைக் கோட்டுக்காரரிடம் காட்டுங்கள். மற்ற முப்பத்தேழு பேர் சோற்றில் மண் போடவேண்டாம் என்று சொல்லுங்கள். என்னை என்ன செய்தாலும் சரி.

பெட்டியம்மா

ஜூன் 17
பதிவு அதிகாரியிடமிருந்து

மதிப்புக்குரிய அம்மா,

மாத்திரைகளை நிறுத்திவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

குழுவின் முடிவுகள் வருமாறு. முப்பத்தேழு பேரின் ஒதுக்கீடும் உறுதி செய்யப்படுகிறது. தங்கள் தங்கைக்குத் தரைத்தளத்தில் பத்தொன்பதாம் எண் அறை ஒதுக்கப்படுகிறது. அது தங்களுக்கென வைத்திருந்த அறை. தெரிந்தே தவறான தகவல் தந்தவர் பயன்பெற இயலாது என்ற விதியின்படி தங்கள் ஒதுக்கீடு ரத்தாகிறது. தற்போதைய அறையை ஜூலை 15-க்குள் காலி செய்யவேண்டும்.

விதிகளை மறுபடி மறுபடி புரட்டியதில் ஒன்று கண்ணில் பட்டது. அறை பெற்றவர் விரும்பினால், தம்மைச் சார்ந்திருக்கும் உறவினர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். தங்களைக் கேட்காமலே, தாங்கள் எழுதிய இரண்டு கடிதங்களின் நகலோடு அந்தப் படிவத்தையும் தங்கள் தங்கைக்கு அனுப்பிவிட்டேன். மன்னிக்கவும்.

பதிவு அதிகாரி

ஜூன் 25
தங்கையிடமிருந்து அக்காவுக்கு

அக்கா,

கண்ணில் புரை எடுத்தாயிற்று. தங்குமிடத்துக்கு வருகிற மருத்துவர் ஏற்பாடு செய்தார். ஒரு கண்ணில் இன்னும் கட்டு இருக்கிறது. மற்றதால் உன் கடிதங்களைப் படித்தேன். முதலில் பக்கத்துக் கட்டில்காரியை வாசிக்கச் சொன்னேன். "நாக்கில் இருந்தது" என்ற இடம் வந்ததும் பிடுங்கி நானே படித்தேன்.

வேண்டுமென்றா செய்தாய்?

முப்பத்துநான்கு வருடமாக, உனக்கும் மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

பெட்டிக்குள் உன் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போய், உதடு இறுகி இருந்தது. ஐயோ, அக்காவுக்கே வரவில்லையே என்று பதறினேன். படுதா விழுந்ததும் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, "யாருக்கு மறந்துச்சு? உனக்கா, பெட்டிக்கா?" என்று கேட்டார். பெட்டிக்கு மறதி வந்துவிட்டது என்று தெரிந்தால் அன்றே உன்னை வெளியே அனுப்பியிருப்பார். அம்மா உன் சம்பளத்தில் மருந்து குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் இருந்தது, வேறு குழுவில் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். "எனக்குத்தான் மறந்துச்சு, அக்கா எடுத்துக் குடுத்தா, என் காதுல விழல" என்றேன். விடிகாலைப் பேருந்தில் ஏறினேன். வேறு குழு கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

அலுவலகத்திலிருந்து வந்தவரிடமும் அதைத்தான் சொன்னேன். உன் வேலையைக் காப்பாற்றுகிற பழக்கம் விடவில்லை. 'நான் யாருடி' என்று கேட்டாயே, உனக்குப் பாரமாக வரக்கூடாதென்றுதான் 'எவருமில்லை' என்று எழுதினேன், அதற்குப் பதில் போட வெட்கமாக இருந்தது.

இது தெரிந்திருந்தால் போயிருக்கவேமாட்டேன். அங்கேயே நின்று உன் முடியைப் பிடித்து ஆட்டியிருப்பேன். அன்று சிரித்தது தப்புதான். ஆனால் முகத்தைப் பற்றிச் சிரிக்கவில்லை, முதலாளியின் மூக்கில் சாயம் ஒட்டியிருந்தது. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவே மாட்டாய், மனதில் குறித்துக்கொள்வாய்.

நேற்று முழுவதும் அழுதேன், கட்டுப் போட்ட கண் அழக்கூடாது என்று திட்டு வாங்கினேன். இன்று படிவத்தில் உன்னைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். இரக்கப்பட்டு என்று நினைக்காதே. முப்பத்துநான்கு வருடத்துத் திட்டு சேர்ந்திருக்கிறது. தபாலில் அனுப்பினால் கட்டுப்படியாகாது; நீ பக்கத்தில் இருக்கவேண்டும்.

சனிக்கிழமை, நான்காம் தேதி, பதினொரு மணி வண்டியில் வருகிறேன்.

மாத்திரையைச் சாப்பிடு.

தங்கை

ஜூலை 1
அக்காவிடமிருந்து தங்கைக்கு

தங்கச்சி,

மாத்திரை சாப்பிட்டேன். கண்ணைத் தேய்க்காதே.

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். நான்காவது தரம் தரையில் உட்கார்ந்து, மேடைக்குக் கேட்கிற குரலில் உரக்கப் படித்தேன். பதிவு அதிகாரி வந்து பார்த்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடட்டுமா என்றார். வேண்டாம், இது மருத்துவர் பார்க்கிற சங்கதி இல்லை என்றேன்.

முதலாளியின் மூக்கில் சாயம் இருந்தது. பச்சைச் சாயம், இடது பக்கம். எனக்கு நினைவிருக்கிறது. இத்தனை நாளும் நினைவில்தான் இருந்தது. அதை உன் சிரிப்போடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அறையைப் போய்ப் பார்த்தேன். இரண்டு கட்டில் போட இடம் இருக்கிறது, நடுவில் ஒரு ஆள் நடக்கலாம். சன்னல் பக்கம் உனக்கு. வரப்போகிற நீரூற்றின் சத்தம் தொல்லையாக இருக்கும், எனக்குக் காது மந்தம் என்று பொய் சொல்லி அந்தப் பக்கத்தை நானே கேட்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம், பொய் போதும்.

கதவுப் பலகையில் உன் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் என்னைப் போட்டு, 'சார்ந்திருப்பவர்' என்று எழுதியிருக்கிறார்கள். பார்த்ததும் ஆணியைப் பிடுங்கக் கை போனது. கோமாளி வேஷக்காரர், "விடுங்க பெட்டியம்மா, சின்ன எழுத்து, யாருக்குக் கண்ணு தெரியுது" என்றார். விட்டுவிட்டேன். ஆனால் அவர் சொன்னதை மனதில் குறித்து வைத்திருக்கிறேன்.

பதினொரு மணி வண்டி என்றால் பத்தரைக்கே நிலையத்தில் இருப்பேன். பெட்டியை நீ தூக்காதே.

மன்னிப்பு என்கிற சொல் நாற்பத்தொரு நாடகத்திலும் வருகிறது. எத்தனையோ பேர் வாயில் நான்தான் எடுத்துப் போட்டிருக்கிறேன். என் வாய்க்கு அது பழக்கமில்லை, நேரில் முயன்று பார்க்கிறேன். நீ வந்து திட்டு. நான் பதில் பேசமாட்டேன். முதல் வாரம் மட்டும்.

அக்கா